வியாழக்கிழமைக் குழுவும் என் வீட்டுக்காரரும்

என் கணுக்கால் உடைந்ததால்தான் வியாழக்கிழமைக் குழு எங்கள் வீட்டுக்கு வந்தது.

பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நடைபாதை விளிம்பைப் பார்க்காமல் காலை வைத்தேன். அவ்வளவுதான். முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு, கக்கத்தில் இரண்டு ஊன்றுகோல், ஆறு வாரம் வீட்டோடு கிட என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் சபையில் பெரியவர்களை நாலைந்து பேராகப் பிரித்து, சின்னச் சின்னக் குழுக்களாக வைத்திருக்கிறார் போதகர். ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேருக்கு நடுவில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வாரத்தில் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். வேதத்தில் ஒரு பகுதியை வாசிப்போம், அது நம்மை எங்கே தொடுகிறது என்று பேசுவோம், கடைசியில் ஆளாளுக்கு ஜெபக் குறிப்பு சொல்லி ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்போம். எங்கள் குழுவில் நாலே பேர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அக்காதான் தலைவி. பிறகு சலூன் வைத்திருக்கும் தம்பி. ஊரில் எந்த வம்பு கிளம்பினாலும் அவர் கடைக்கு வந்து முகம் மழித்துக்கொண்டுதான் அடுத்த தெருவுக்குப் போகும். மூன்றாவது மருந்துக்கடை அண்ணன், மனைவியை இழந்தவர், எதற்கும் ஒரு வசனத்தைக் கையில் தயாராக வைத்திருப்பவர். நாலாவது நான்.

ஐந்தாவதாக ஒருவர், வராமலே எங்கள் குழுவில் இருந்தார். என் வீட்டுக்காரர்.

அவர் லிப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு எனக்கு முன்னால் கிளம்பி, கேட்டில் நின்று ஹாரன் அடிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று நிறுத்திவிட்டார். முதலில் ஞாயிறு டியூட்டி என்றார். பிறகு முதுகுவலி. பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். தூக்கம் போனது. பேச்சு போனது. கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்று ஒரே வார்த்தை. மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? எல்லாவற்றையும்விட விசித்திரம், எங்கே போனாலும் அவர் படியேறித்தான் போனார். மகள் வீடு ஏழாவது மாடி, அங்கேயும் மூச்சு வாங்க வாங்கப் படியில்தான். லிப்ட் மெக்கானிக்!

நான் யாரிடம் சொல்வேன்? வியாழக்கிழமைதோறும் குழுவில் சொன்னேன். ‘அவருக்குத் தூக்கமில்லை, ஜெபியுங்கள்.’ ‘நேத்து ரிமோட்டைத் தூக்கிப் போட்டுட்டார், ஜெபியுங்கள்.’ ‘என்கிட்ட முகம் கொடுத்துப் பேசுறதில்ல, ஜெபியுங்கள்.’ டிரைவிங் அக்கா ஒரு நீல நோட்டில் எழுதிக்கொள்வார். சொல்லச் சொல்ல எனக்குப் பாரம் இறங்கும். அதில் பாதி ஜெபம், பாதி புலம்பல் என்பது எனக்கே அப்போது தெரியவில்லை.

அக்கா வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. மாவுக்கட்டோடு நான் ஏற முடியாது. ‘நீ வர வேண்டாம், நாங்க வர்றோம்’ என்றார் அக்கா. வீட்டுக்காரரிடம் பயந்து பயந்துதான் சொன்னேன்.

“வரட்டும். நான் கிச்சன்ல இருக்கேன். யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது.”

முதல் வாரம் அப்படியே இருந்தார். ஆனால் நாலு கப் டீ மட்டும் சர்க்கரை சரியாகப் போட்டு, வாசலில் நின்று தட்டை நீட்டிவிட்டு மறைந்துபோனார்.

இரண்டாவது வாரம் வாசித்த பகுதி, நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து, கூட்டத்தில் வழி கிடைக்காமல் கூரையைப் பிரித்துக் கட்டிலோடு கீழே இறக்கிய கதை. மருந்துக்கடை அண்ணன் அந்த நாலு பேரின் விசுவாசத்தைப் பற்றிக் கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். கயிற்றைக் கட்டினார்கள், சரசரவென்று இறக்கினார்கள் என்று கையை வீசிக் காட்டினார்.

“சரசரன்னு இறக்கினா ஆள் செத்துருவான்” என்று கிச்சனிலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினோம். என் வீட்டுக்காரர் டீ வடிகட்டியோடு வாசலில் நின்றார். அவருக்கே தான் பேசியது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

டிரைவிங் அக்கா சும்மா இருப்பாரா? “அப்போ எப்படி இறக்கணும், அண்ணா?”

“நாலு கயிறும் ஒரே அளவுக்கு இறங்கணும். ஒருத்தன் ஒரு சாண் கூட விட்டாலும் கட்டில் சரியும். மேல இருக்கிற நாலு பேருக்கும் கீழ நடக்கிறது தெரியாது. ஒருத்தன் குரல் கொடுக்கணும், மத்தவங்க அந்தக் குரலுக்கு விடணும். அவன் நிறுத்துன்னா நிறுத்தணும்.” வடிகட்டியாலேயே காற்றில் ஒரு கட்டிலை இறக்கிக் காட்டினார். “கையில தோல் உரிஞ்சிருக்கும் நாலு பேருக்கும்.”

“இத்தனை வருஷமா இந்தக் கதையைக் கேக்குறேன், அவங்க கையை நான் யோசிச்சதே இல்ல” என்றார் சலூன் தம்பி.

வீட்டுக்காரர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடிவிடுகிற மாதிரி. ஓடவில்லை. இரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் வந்து நான் கேட்டதில்லை. மூன்றாவது வாரம் அவரே டைனிங் டேபிளிலிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து போட்டு உட்கார்ந்தார். நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன், ஒற்றைக் காலில்.

அன்றைக்குத்தான் வந்தது வினை. அக்கா தன் நீல நோட்டை எங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் குளியலறையிலிருந்து ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வெளியே வருகிறேன், அவர் வேலைக்குக் கிளம்பிய சட்டையோடு டேபிளில் உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம், வாரத்துக்கு வாரம். ‘லிப்ட் அண்ணன் — தூக்கம்.’ ‘லிப்ட் அண்ணன் — கோபம்.’ ‘லிப்ட் அண்ணன் — மனைவியோடு பேச.’ ‘லிப்ட் அண்ணன் — ஏன் படியேறுகிறார்?’

என் முகத்தில் ஈயாடவில்லை.

“என் வண்டவாளம் மொத்தமும் இதுல இருக்கு” என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னார். “நான் ரிமோட்டை எறிஞ்ச தேதிகூட இருக்கு.”

“ஜெபத்துக்காகத்தாங்க சொன்னேன்...”

“அந்த சலூன்காரருக்கும் தெரியுமா?”

தலையைக் குனிந்துகொண்டேன்.

“மாசாமாசம் அவர்கிட்ட தலையைக் கொடுத்து உக்கார்றேன். ஊர்க்கதை அத்தனையும் பேசுற மனுஷன். இந்நேரம் என் கதை எத்தனை பேர் தலையில இறங்கியிருக்கோ!” நோட்டை மூடி வைத்துவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார்.

அன்று முழுக்க நான் யோசித்தேன். என் ஆறுதலுக்காக அவர் மானத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு வாரமாவது ‘உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும்’ என்று அவரையே கேட்டிருக்கிறேனா? இல்லை. சாயங்காலம் அவர் வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். ‘சரி’ என்றார். ஒண்ணுமில்லைக்குப் பதிலாகச் சரி. அதற்குமேல் பிடி கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை சலூனுக்குப் போனார். முடி வெட்ட இல்லை, சண்டை போட. அங்கே நடந்ததைப் பிற்பாடு இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போனது.

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். துணியைப் போர்த்த வந்தவரின் கையைப் பிடித்து, “நான் தூங்குறதில்லன்னு உனக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?” என்று கேட்டிருக்கிறார்.

சலூன் தம்பி சீப்பைக் கீழே வைத்துவிட்டார். “ரெண்டு வருஷமா சார்.”

“யார் யார்கிட்ட சொன்ன?”

“ஆண்டவர்கிட்ட மட்டும்தான் சார்.”

“என்னை நம்பச் சொல்றியா? போன மாசம்தானேய்யா எதிர்வீட்டுக்காரன் மீசைக்கு மை பூசுறான்னு என்கிட்ட சொன்ன!”

“மீசை கடையில கேட்டது சார். கடையில கேட்டதைக் கடையில விட்டுருவேன். வியாழக்கிழமை கேட்டதுக்கு வாய்ல பூட்டுதான். என் வீட்டுக்காரிகிட்டகூட சொன்னதில்ல.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்லியிருக்கிறார்: “நீங்க வந்து உக்காந்ததும் உங்க தலையில கையை வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா நிப்பேன்ல? நீங்ககூட ‘என்னய்யா கனவு காணுற, வெட்டு’ன்னு திட்டுவீங்க. அப்போ ஜெபம் பண்ணிட்டு இருப்பேன் சார்.”

என் வீட்டுக்காரர் கண்ணாடியில் சலூன் தம்பியின் முகத்தையே பார்த்தாராம். பிறகு முடி வெட்டாமலே எழுந்து வந்துவிட்டார். அந்த நாற்காலியில் இரண்டு வருஷமாக உட்கார்ந்து ஊரில் எல்லோருடைய கதையையும் கேட்டிருக்கிறார். குழுவில் இருக்கிற யாருடைய கதையும் அதில் ஒருநாளும் வந்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்ததாம்.

அடுத்த வியாழக்கிழமை வந்தது. அவர் நாற்காலியை முன்னைவிட உள்ளே தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். நோட்டு விஷயத்தை நான் அக்காவிடம் சொல்லியிருந்தேன். வேதம் வாசிப்பதற்கு முன்னாலேயே அக்கா ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணா, உங்களைக் கேக்காம உங்க விஷயத்தை எழுதினது எங்க தப்பு. எங்களை மன்னிச்சுக்கோங்க. இனிமே ஆள் இல்லாம அவங்க விஷயத்தை இங்க பேச மாட்டோம்.”

“எழுதினதுல கோபம் இல்லம்மா” என்றார் வீட்டுக்காரர். “தப்பா எழுதியிருக்கீங்க. தூக்கம், கோபம், பேச்சு, எல்லாம் மேல தெரியுறது. அடியில வேற இருக்கு. அதை எழுதணும்.”

மின்விசிறிச் சத்தத்தில் சரியாகக் கேட்காமல் சலூன் தம்பி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் அவருடைய மனைவி, நானும் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. மாதம் ஒருமுறை மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்கு ஏறி, மோட்டார், பிரேக், கயிறு எல்லாவற்றையும் பார்த்து, செக் ஷீட்டில் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு அவருக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. வேறொரு கட்டிடத்தில் ஆட்கள் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்று ஆபீஸிலிருந்து போன் மேல் போன். போன மாதம் எல்லாம் நன்றாகத்தானே இருந்தது என்று நினைத்து, கீழே வாட்ச்மேன் மேஜையிலேயே தாளை வைத்து, எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். மேலே ஏறவே இல்லை.

“ஒன்பது நாள் கழிச்சு அந்த லிப்ட் நாலாவது மாடியில தரைக்கு ஒரு சாண் மேல போய் நின்னுச்சு. கதவு திறந்துச்சு. ரிட்டயரான கணக்கு டீச்சர் ஒருத்தங்க வெளிய காலை வச்சாங்க. இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சு.”

அக்கா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“பிரேக் லைனிங் தேஞ்சிருந்துச்சு, அதான் லிப்ட் சரியான இடத்துல நிக்கல. மேல போய்ப் பார்த்திருந்தா முதல் பார்வையிலேயே தெரிஞ்சிருக்கும். விசாரணை வச்சாங்க. ஒன்பது நாள் முன்னாடி பிரேக் நல்லா இருந்ததுன்னு என் டிக் சொல்லுச்சு. அதனால தேய்மானம் பெருசா இருந்திருக்காது, லிப்ட் சரியாத்தான் நின்னிருக்கும், பயணியோட கவனக்குறைவுன்னு எழுதி முடிச்சுட்டாங்க. என் டிக்கை வச்சுத்தான் அவங்க மேல பழியைப் போட்டாங்க.” நிறுத்தினார். என் மாவுக்கட்டைப் பார்த்தார். “ஒரு மாசமா இவ பாத்ரூம் போறதுக்குப் படுற பாட்டைப் பார்க்கிறேன். அவங்களுக்கு இடுப்பு.”

மருந்துக்கடை அண்ணன் வழக்கம்போல் வாயைத் திறந்தார். வசனம்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, “அந்த அம்மா இப்ப எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்.

“தெரியாது. அந்தக் கட்டிடமே வேண்டாம்னு மாத்தி வாங்கிட்டேன். அந்தத் தெரு வழியாகூடப் போறதில்ல.”

“என்ன செய்யணும்னு உங்களுக்குத் தோணுது, அண்ணா?” என்றார் அக்கா.

“அவங்ககிட்டப் போய்ச் சொல்லணும். அப்புறம் ஆபீஸ்ல சொல்லணும். ரெண்டு வருஷமா அது தெரியுது. தெருமுனை வரைக்கும் மூணு தடவை போயிட்டுத் திரும்பிட்டேன். தனியாப் போக முடியல.”

“எப்போ போறோம்?” என்றார் சலூன் தம்பி.

அந்த ‘போறோம்’ என்ற ஒரே வார்த்தையில் என் வீட்டுக்காரர் உடைந்துபோனார். கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் எழுந்து போக முடியாமல் தவிக்க, மருந்துக்கடை அண்ணன் என் நாற்காலியை என்னோடு சேர்த்து அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

ஐந்து பேரும் போய் நின்றால் அந்த அம்மா பயந்துவிடுவார் என்று பேசி, அக்கா, அவர், நான் என்று முடிவாயிற்று. மற்ற இரண்டு பேரும் அந்த நேரத்தில் கடையை மூடிவிட்டு ஜெபிப்பதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை மதியம், டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்த காரில் கிளம்பினோம். அக்கா ஓட்டினார். அவர் பக்கத்து சீட்டில். அது சொல்லிக்கொடுப்பவர் உட்காருகிற இடம், அங்கேயும் ஒரு பிரேக் உண்டு. நடுரோட்டில் கார் குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன்.

“அண்ணா, உங்க காலுக்கடியில பிரேக் இருக்கு. மிதிக்காதீங்க!”

“மிதிக்கலம்மா.”

“நீங்க மிதிக்கலன்னா ஆண்டவரா மிதிச்சார்?”

அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் உதட்டோரம் அசைந்தது. காலை மடக்கி வைத்துக்கொண்டார்.

அந்தக் கட்டிடத்தில் நாலு மாடி நான் படியேற முடியாது. லிப்ட்தான் ஒரே வழி. அவர் ஒரு நிமிஷம் அதன் கதவுக்கு முன்னால் நின்றார். பிறகு எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு, தானும் உள்ளே வந்தார். நாலாவது மாடியில் கதவு திறந்ததும் முதலில் தன் காலை வெளியே வைத்துத் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, “சரியா நிக்குது, வா” என்றார்.

டீச்சரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கட்டையாக வெட்டிய நரைமுடி, கையில் ஊன்றுகோல். வேலைக்கு வைத்திருந்த பெண் கதவைத் திறந்துவிட, ஹாலில் எண் புதிர்த் தாளோடு உட்கார்ந்திருந்தார். சுவரின் மூலையில் ஒரு சின்ன கேமரா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“கட்டுப் போட்டவங்க முதல்ல உக்காருங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். “யார் நீங்க, என்ன விஷயம்?”

என் வீட்டுக்காரர் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. வேலை அதிகம், போன் வந்தது என்பதையெல்லாம் விட்டுவிட்டார். ‘நான்தான் அந்த லிப்ட் மெக்கானிக். பார்க்காமலே பார்த்ததாக் கையெழுத்துப் போட்டேன். அதனாலதான் நீங்க விழுந்தீங்க’ என்று முடித்தார்.

டீச்சரம்மா பென்சிலைக் கீழே வைத்தார்.

“எத்தனை நாள் முன்னாடி போட்ட கையெழுத்து?”

“ஒன்பது நாள்.”

“அன்னைக்கு மேல ஏறிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும்.”

“சந்தேகமில்லாம?”

“சந்தேகமில்லாம, டீச்சர்.”

“நான் காலை வச்சப்போ தரை அங்க இல்ல. சரிதானே?”

“இல்ல. ஒரு சாண் கீழ இருந்துச்சு.”

அவர் ஊன்றுகோலைத் தரையில் ஓங்கித் தட்டினார். வேலைக்காரப் பெண் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா சொல்றேன், தரை அங்க இல்லன்னு! ஒருத்தர் நம்பல. பார்வை போச்சுன்னான் என் பையன். கண் டாக்டர்கிட்ட நாலு தடவை, மூளை டாக்டர்கிட்ட ரெண்டு தடவை. வயசாச்சு, நிதானம் போச்சுன்னு என்னைத் தனியா வெளிய விடறதில்ல. லைப்ரரிக்குப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. வீட்டுக்குள்ள நான் எந்திரிச்சா உக்காந்தா அவன் அங்கிருந்து அதுல பார்க்கிறான்.” கேமராவைக் காட்டினார். குரல் தணிந்தது. “கடைசியில நானே நம்பிட்டேன், தெரியுமா? எனக்குத்தான் புத்தி மங்கிருச்சுன்னு நானே நம்பிட்டேன்.”

என் வீட்டுக்காரர் கைகட்டி நின்றார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. உடைந்த எலும்புக்கு மட்டும்தான் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார்.

“போனை எடுங்க” என்றார் டீச்சரம்மா. “என் பையன்கிட்ட நீங்களே சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கணும்.”

மகன் வேறு ஊரில் இருக்கிறவர். முதலில் புரியாமல் கேட்டார், பிறகு கத்தினார். கேஸ் போடுவேன், வேலையை விட்டுத் தூக்குவேன், உன்னைச் சும்மா விட மாட்டேன் என்றார். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் ‘செய்யுங்க சார், நியாயம்தான்’ என்றார். நான் ஊன்றுகோலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

டீச்சரம்மா போனைப் பிடுங்கினார். “கேஸெல்லாம் அப்புறம் போடு. அம்மாவுக்குக் கண் நல்லாத் தெரியுதுன்னு முதல்ல சொல்லு.”

அந்தப் பக்கம் கத்தல் இறங்கியது. பிறகு, “...தெரியுதும்மா” என்றது போன்.

“புத்தி?”

“நல்லா இருக்கும்மா. ஸாரிம்மா.”

“நாளைக்கே ஆளை அனுப்பி இந்தக் கேமராவைக் கழட்டு” என்று சொல்லி போனை வைத்துவிட்டு, அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களை மன்னிக்கிறதைப் பத்தி நான் இன்னும் யோசிக்கணும். அடுத்த சனிக்கிழமை வாங்க, சொல்றேன். இப்போதைக்கு, வந்து சொன்னீங்க பாருங்க, அதுக்கு உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க.”

அவர் உட்கார்ந்தார். முழு டம்ளரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

திரும்பி வரும்போது இரண்டாவது சிக்னலிலேயே தூங்கிப்போனார். வாயைத் திறந்துகொண்டு, தலை கண்ணாடியில் சாய்ந்து, குறட்டையோடு. அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். எங்கள் தெருவுக்குத் திரும்பாமல் நேராக ஓட்டினார். கற்றுக்குட்டிகளுக்குச் சொல்லித்தருகிற சுற்றுப்பாதை முழுக்க, குலுக்காமல், பிரேக் போடாமல், ஒன்றரை மணி நேரம் எங்களைச் சுற்றிக் காட்டினார். மாவுக்கட்டுக்குள் கால் அரித்தது. நான் அசையவில்லை.

திங்கட்கிழமை அவர் ஆபீஸில் எழுதிக் கொடுத்தார். மேனேஜர் காச்சு மூச்சென்று கத்தினாராம். ஆறு மாதம் கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது, தனக்குக் கீழே வேலை பழகியவனோடு துணைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. வக்கீல் நோட்டீஸ் ஒன்றும் வந்தது. அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், என்ன வந்தாலும் வரட்டும் என்று இருக்கிறோம். ஆனால் அந்த விசாரணை அறிக்கையில் ‘பயணியின் கவனக்குறைவு’ என்ற வரியை அடித்துவிட்டு, எழுத்தில் திருத்தம் கொடுத்தார்கள். டீச்சரம்மா அதை நாலு காப்பி எடுத்து, ஒன்றைக் கண் டாக்டருக்கே தபாலில் அனுப்பினார்.

என் வீட்டுக்காரர் இப்போது வேலைக்குப் போகும்போது மெஷின் ரூமுக்கு ஏறி, அந்த இளைஞன் டிக் போடும்வரை பக்கத்தில் நிற்கிறார். வந்து என்னிடம் சொல்கிறார். சாப்பிடும்போது பேசுகிறார். சில சமயம் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் தேவலை என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

டீச்சரம்மா வரச் சொன்ன அந்த அடுத்த சனிக்கிழமை அவர் தனியாகவே போய்விட்டு வந்தார். என்ன சொன்னார்கள் என்று எத்தனை முறை கேட்டும் என்னிடம் சொல்லவில்லை, ‘வியாழக்கிழமை எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன்’ என்று விட்டார். வியாழக்கிழமையும் வந்தது.

“பாதி மன்னிச்சிட்டாங்களாம்” என்றார். “மீதிக்கு டைம் வேணுமாம். பொய் சொல்லி முழுசா மன்னிச்சேன்னு சொல்ல மாட்டேன்னாங்க.”

“பாதியா?” மருந்துக்கடை அண்ணனுக்கு ஏமாற்றம்.

“பாதின்னா அம்பது மார்க். கணக்கு டீச்சர்கிட்ட அம்பது வாங்குறது லேசுப்பட்ட காரியமா?” என்றார் சலூன் தம்பி. “பாஸ் சார் நீங்க!”

எல்லோரும் சிரித்தோம். என் வீட்டுக்காரர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அக்கா நோட்டைத் திறந்து, வழக்கம்போல் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். மருந்துக்கடை அண்ணனின் முறை வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கு ஒண்ணு சொல்லணும்” என்றார். “வசனம் இல்ல. என் விஷயம்.”

என் வீட்டுக்காரர் எழுந்துபோய், சரியாகக் கேட்கட்டும் என்று மின்விசிறியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சொல்லுங்கண்ணே” என்றார். “நாங்க இருக்கோம்.”